மரியாதையான கட்டளை

ஆட்சி கொடுங்கோலானால் மக்கள் எதிர்த்து நிற்கட்டும் என்று, வீட்டுக்கொரு துப்பாக்கியைச் சட்டமே கூடத்துச் சுவரில் மாட்டி வைத்திருந்தது. வீட்டுக்காரர் 'சுடு' என்றால் போதும், எதிரே இருக்கும் சீருடையை அது பார்த்துக்கொள்ளும். பூவராகன் வீட்டில் அந்தச் சொல்லே புழங்காது. தோசையை 'வார்ப்பார்கள்', தண்ணீர் 'வெந்நீர்'தான். தைரியம் என்று பார்த்தால், எதிர்வீட்டு நாயைக்கூட அவர் 'வாங்க, போங்க' என்பார்.

அரசை எதிர்த்துக் கூட்டத்தில் பேசிய அவர் மகள் நப்பின்னையைக் கைது செய்ய இன்ஸ்பெக்டர் வந்தார். அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. அவள் உள்ளே துணிமணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னப் பொண்ணு சார், விட்டுடுங்க" என்று கெஞ்சியபடி பூவராகன் காபியை நீட்டினார்.

"மேலிடத்து உத்தரவு. பெத்தவர் நீங்கதான் கண்டிச்சிருக்கணும்." இன்ஸ்பெக்டர் டம்ளரை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஐயோ, பாத்து சார், சுடும்!"

துப்பாக்கிக்கு இலக்கணம் தெரியும். 'வாரும்', 'அமரும்' போல இதையும் மரியாதையான கட்டளையாகவே எடுத்துக்கொண்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த நப்பின்னை, தரையில் கிடந்தவரைப் பார்த்தாள். நேற்றுவரை பயந்தாங்கொள்ளி என்று தான் திட்டிய அப்பாவைப் பார்த்தாள்.

"எனக்காகவாப்பா?"

வாசலில் ஜீப்பிலிருந்து போலீஸ்காரர்கள் குதித்தார்கள். வாய் தவறிவிட்டது என்று சொன்னால் ஒருவேளை உயிர் பிழைக்கலாம்.

"ஆமாம்மா" என்றார் பூவராகன். "நீ கொல்லைப்பக்கமா ஓடு."