நொண்டிச் சேவல்

ஒரு சேவல் நொண்டியதற்காக ஒன்றரை வருடமா மருமகளைப் பிடித்து வைப்பார்கள்?

நகாயிசா இந்தக் கேள்வியை மித்யானா ஊர் முழுக்கக் கேட்டுவிட்டாள். முதல் கர்ப்பம் கலைந்ததும் ஓய்வுக்கென்று கம்பாலாவில் அத்தை வீட்டுக்குப் போன மருமகள் திரும்பவேயில்லை. கல்யாணத்துக்கு முன் பெண் கேட்ட சடங்கில் மைத்துனனுக்கு மாப்பிள்ளை கொடுத்த சேவல் நொண்டியாம். அது குலத்துக்கே அவமானமாம். சொன்னவள் மருமகளின் அத்தை, அதாவது செங்கா. பெண்ணின் திருமண விஷயத்தில் செங்கா வைத்ததுதான் சட்டம். சேவலைச் சாட்சிக்கு அழைக்கவும் வழியில்லை, அன்றே சாப்பிட்டுவிட்டார்கள்.

மகன் செம்பட்யா மாதாமாதம் ஒரு புதுச் சேவலோடு கம்பாலாவுக்குப் போவான், வெறுங்கையோடு திரும்புவான். ஒன்று சரியாகக் கூவவில்லையாம். இன்னொன்றுக்குக் கொண்டை சாய்ந்திருந்ததாம்.

"நான் பேரப்பிள்ளையை எப்படா பார்க்கிறது? உன் பெண்டாட்டிக்கு வயசு ஏறுது, அந்தக் கிழவிக்குக் கோழிக்கொழுப்பு ஏறுது."

கடைசியில் ஊரிலேயே அழகான சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மகனையும் இழுத்துக்கொண்டு, அவளே சண்டைக்குக் கிளம்பினாள்.

மருமகள் நபடான்சி அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். தலைமுடி, அந்த நாட்டுப் பள்ளிக்கூடப் பெண்களுக்கு வெட்டிவிடுவதுபோல், ஒட்டக் குட்டையாக இருந்தது. செங்கா சேவலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கூட்டிட்டுப் போங்க, சம்பந்தி. டாக்டர் இன்னைக்கு விட்டுட்டார்."

"டாக்டரா?"

செங்கா நிதானமாகச் சொன்னாள். கலைந்துபோன அந்த முதல் கர்ப்பத்தில் இருந்தது பிள்ளையே இல்லை. திராட்சைக் கொத்துபோல் ஏதோ வளர்ந்து, அபூர்வமான ஒரு புற்றுநோயாக மாறிவிட்டது. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, நோயும் போனது. அதன்பின் ஒரு வருடம் கர்ப்பமே கூடாது என்றார்கள். நோய் திரும்பினாலும் பிள்ளை உண்டானாலும் ரத்தத்தில் தெரியும் அடையாளம் ஒன்றேதான், குழம்பிப்போகும். இன்றைய ரத்தமும் சுத்தம். இனி தாராளமாகப் பிள்ளை பெறலாம்.

நகாயிசா பாயில் உட்கார்ந்துவிட்டாள். மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டு, வெகு நேரம் அழுதாள்.

"அப்போ அந்தச் சேவலெல்லாம்?"

"இவளுக்குச் சூப்பு வைக்கத்தாம்மா," என்றான் செம்பட்யா, தரையைப் பார்த்தபடி.

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?"

"சேவல்னு சொன்னா என்னைத் திட்டுவீங்க, அவ்வளவுதான்," என்றாள் செங்கா. "கர்ப்பப்பையில வியாதின்னா உங்க பையனுக்கு வேற பொண்ணு தேடுவீங்க."

"நானா? என்ன பேச்சு இது, சம்பந்தி?"

செங்கா அவளுக்குத் தேநீர் ஊற்றினாள்.

"போன மாசம் மசாகாவுல ஒரு பொண்ணைப் பார்த்துட்டு வந்தீங்களே, அவளோட செங்கா என் சிநேகிதி."