வெள்ளைக் கட்டம்

பசிபிக் கடலின் தாராவா தீவில் என் வேலை, செயற்கைக்கோள் படங்களில் கரைக்கோடு வரைவது. பச்சை முடிந்து வெள்ளை தொடங்கும் இடம்தான் கரை. எங்கள் ஊர்களில் கல்லறைகள் வீட்டை ஒட்டியே இருக்கும். அவற்றின் மேல் பரப்பிய வெண்பவளக் கற்களைக் கணினி மணல் என்று எண்ணிவிடும். அதை நான் கையால் திருத்துவேன்.

படகில் போகும் தூரத்து வெளித்தீவு ஒன்றில், என் கணவர் யோதேபாவின் கல்லறையைப் போன வருடம் கடல் கொண்டுபோனது. இந்த வருடப் படங்களில் அந்தக் கல்லறையின் வெள்ளைக் கட்டம் மறுபடி தெரிந்தது. ஒவ்வொரு படத்திலும் அது அவருடைய குடும்ப வீட்டை இன்னும் நெருங்கியிருந்தது. அந்த வீட்டில் அவருடைய அக்கா அரொயிதா தனியாக இருந்தார். அடுத்த பேரலைக்கு வீடு தாங்காது.

அரொயிதாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"இங்க கல்லும் இல்ல, மண்ணும் இல்லடி. நண்டுதான் இருக்கு. படம் பாத்துப் பாத்து உனக்குக் கண்ணு கெட்டுப்போச்சு."

"சரி அண்ணி. நீங்க படகு ஏறி வந்துடுங்க."

"அவன் வீட்டைத் தேடித்தானே வர்றான். வர்ற நேரத்துல நான் இல்லாட்டி?"

"என் வீடும் அவர் வீடுதானே."

"அப்ப அவனுக்கு வழி சொல்லிட்டு வர்றேன்," என்றார்.

அடுத்த படகில் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்த வீடு அதன்பின் அதிக நாள் நிற்கவில்லை.

நேற்று தாராவாவின் புதுப் படம் வந்தது. என் தகரக் கூரையை ஒட்டி, கல்லறை எதுவும் இல்லாத, நான் தினமும் துணி உலர்த்தும் இடத்தில், ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. கணினி அதை மணல் என்று எண்ணி, கரைக்கோட்டை என் வாசல்வரை இழுத்திருந்தது.

களைப்பாக இருந்தது. நான் திருத்தவில்லை.