உள்பக்கத் தாழ்ப்பாள்

“தாழ்ப்பாள் உள்பக்கம்தான் வேணும். வெளியிலிருந்து யார் என்ன பண்ணினாலும் திறக்கக் கூடாது” என்றான் அந்த வீட்டு இளைஞன்.

கார்பென்டர் தலையைச் சொறிந்தார். “கதவுல பூட்டு இருக்கே சார்?”

“அதுக்கு என்கிட்டயும் ஒரு சாவி இருக்கு. அதனாலதான்.”

நாலு மாதத்துக்கு முன்னால் இதே அறைக்குக் கட்டில் செய்து கொடுத்தவர் அவர்தான். புது ஜோடிக்கான பெரிய கட்டில். இப்போது ஹால் சோபாவில் ஒரு தலையணையும் மடித்த போர்வையும் கிடந்தன.

‘சரிதான். புருஷனை வெளியே தள்ளிட்டா.’

ட்ரில்லை எடுத்தார். ஜன்னலோரம் நின்றிருந்த அவன் மனைவி மெதுவாகச் சொன்னாள்: “அண்ணே, ஸ்க்ரூ நீளமானதாப் போடுங்க.”

வேலை முடிந்தது. அவளை மட்டும் உள்ளே விட்டுவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உடனே அந்த இளைஞன் நாலடி பின்னால் போய், ஓடிவந்து தோளால் கதவை இடித்தான்.

“சார்! என்ன சார் பண்றீங்க?”

கதவு அசையவில்லை.

“போதுமாம்மா?” என்று கதவைப் பார்த்துக் கேட்டான் அவன்.

“இன்னொரு தடவை. பலமா.” உள்ளே இருந்து குரல்.

மறுபடியும் இடித்தான். அப்புறம் தோளைத் தடவிக்கொண்டு காத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே திறந்துகொண்டு வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கார்பென்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாசலில் அவனைத் தனியே இழுத்தார்.

“சண்டையா சார்? ரொம்ப இடம் கொடுத்தா தலைக்கு மேல ஏறிடுவாங்க.”

“சண்டையெல்லாம் இல்லண்ணே. அவ நிம்மதியாத் தூங்கணும். கவுன்சலிங் போய்க்கிட்டிருக்கா. கதவு அவ கையில இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்.”

வண்டியில் வரும் வழியெல்லாம் அவருக்குக் குழப்பம். கட்டின புருஷன் என்ன திருடனா? அவனே தனக்கு எதிராகத் தாழ்ப்பாள் வாங்கி, அவனே இடித்துப் பார்க்கிறானே!

மதியம் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். தோளைத் தடவிக்கொண்டு நின்றதை நடித்தே காட்டினார்.

“கிறுக்குப் புடிச்ச பொண்ணு, அதுக்கேத்த மாப்பிள்ளை!” சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.

மனைவி தண்ணீரை நகர்த்தி வைத்தாள். சிரிக்கவில்லை.

“தாழ்ப்பாளை அந்தப் பொண்ணு கேட்டுச்சா, அவரே சொன்னாரா?”

“அவனேதான்! அதான் வேடிக்கையே.”

“அப்படியும் ஒரு மனுஷன் இருக்காரே…” என்றபடி அவள் எதிரில் உட்கார்ந்தாள். “அந்தப் பொண்ணு சின்னதா இருக்கும்போது, யாரோ கதவைத் திறந்துக்கிட்டு வந்திருக்காங்க. தப்பா நடந்திருக்காங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்? அவங்க உனக்குப் பழக்கமா?”

“இல்ல.”

“பின்ன?”

அவள் தரையைப் பார்த்தாள். “ஒன்பது வயசுல, லீவுக்கு எங்க சித்தப்பா வீட்டுல விட்டிருந்தாங்க. நான் படுத்த ரூமுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.”

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

இருபத்திரண்டு வருஷமாக அவள் சுவரை ஒட்டியே படுக்கிறாள். பின்னாலிருந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடும். ‘சரியான பயந்தாங்கொள்ளி’ என்று விருந்தாளிகள் எதிரிலேயே எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! ஊருக்கெல்லாம் கதவு போடுகிறவர், இவளிடம் ஏன் இந்தப் பயம் என்று மட்டும் கேட்டதில்லை.

“இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “நான் உன்னை என்ன பண்ணிடப் போறேன்?”

“எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சுங்க.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இப்ப அந்தப் பொண்ணைப் பத்திச் சொல்லிட்டுச் சிரிச்சீங்களே… அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் சொல்லல.”