கறுப்புக் கண்ணாடி

கிட்டாலே ஊரில் சிமியுவின் வெல்டிங் சாமான் கடை. நஃபுலா கல்லாவுக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள்.

"மேகம் இறங்குது, நெகேசா அப்பா! மழைக்குள்ள உடைஞ்ச கலப்பையப் பத்தவெச்சாகணும். மெஷினு, ராடு எல்லாம் வாங்கியாச்சு, கிளம்புங்க."

கறுப்புக் கண்ணாடி அணிந்த அவள் கணவர் மக்கோகா அசையவில்லை. "முகமூடி வாங்காம வரமாட்டேன்."

சிமியு சிரித்தான். "அண்ணே, மாப்பிள்ளை மாதிரி கண்ணாடி போட்டிருக்கீங்க. இந்த ஊரு வெல்டருங்க எல்லாருக்கும் அதுதான் முகமூடி. நானே அப்படித்தான்."

"நல்லாச் சொல்லு தம்பி! அந்தக் காசுக்கு விதைச்சோளம் வாங்கலாம்," என்றாள் நஃபுலா.

"இருக்கறதுலயே நல்லதா ஒண்ணு எடு," என்றார் மக்கோகா.

பந்தாக்காரர் போலிருக்கிறது என்று நினைத்த சிமியு, ஒரு முகமூடியை எடுத்து அவர் தலையில் மாட்டினான். அவர் திடுக்கிட்டு அதைத் தடவிப் பார்த்தார், கழற்றினார்.

"எனக்கில்லப்பா. இனிமே பத்தவைக்கப் போறவ அவ. அவ தலைக்கு அளவு பாரு."

பிறகு தன் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றி, யாரும் இல்லாத பக்கமாக நீட்டினார்.

"பதினோரு வருஷம் இதைப் போட்டுத்தான் பத்தவெச்சேன், தம்பி. வேணும்னா நீ வெச்சுக்க."

நஃபுலா அலைவதை நிறுத்தினாள். நீண்டிருந்த அந்தக் கையைப் பிடித்து, சிமியு நின்ற பக்கம் மெதுவாகத் திருப்பிவிட்டாள். பிறகு முகமூடிக்குத் தலையைத் தாழ்த்தினாள்.