இரவல் கோட்டு

அமீரகத்தின் அல் ஐன் பேரீச்சந்தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூட அரங்கில் குறும்பட விழா நடக்கிறது. வெள்ளிக்கிழமை வெயில் திரைச்சீலை இடுக்கில் ஒற்றைக் கோடாக விழ, இஃப்பத் எடுத்த படம் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் தோட்டக்காரர் பொன்னுச்சாமி, கோட்டு போட்டு முதலாளியின் காரில் சாய்ந்து நின்று, கேமராவைப் பார்த்து ஊரிலிருக்கும் மனைவிக்குப் பேசுகிறார். "வீரம்மா, எனக்கு ஒரு கொறையும் இல்ல. நீ நேரத்துக்குச் சாப்பிடு." பேசி முடித்ததும் கோட்டைக் கழற்றி, வரிசையில் நிற்கும் அடுத்த ஆளிடம் நீட்டுகிறார். உள்ளே பனியன் முதுகெல்லாம் கிழிந்திருக்கிறது. கேமரா இன்னும் ஓடுவது அவருக்குத் தெரியாது. அரங்கம் சிரிக்கிறது. "கோட்டு ஒண்ணு, மாப்பிள்ளை எத்தனை பேருப்பா?" என்கிறது பின்வரிசைக் குரல். இஃப்பத்துக்குக் காது மடல் சுடுகிறது. இங்கே சிரிப்பார்கள் என்று தெரிந்தேதான் அவள் அதை வெட்டாமல் வைத்தாள். அவள் அழைத்ததால் லீவு போட்டு வந்த பொன்னுச்சாமி, தேய்த்த சட்டையில், பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். அவரும் கொஞ்சம் சிரித்துப் பார்க்கிறார். பிறகு குனிந்து சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்.

"தங்கச்சி, வீரம்மாளுக்கு அனுப்புன கேசட்லயும் இது வருமா?"

"இல்லண்ணே."

"அப்பச் சரி."

அவள் சொன்னது பொய்யில்லை; அனுப்பியிருந்தால்தானே வரும். ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லி எடுத்த அந்தக் கேசட், படத்துக்கு வேண்டுமென்று மூன்று மாதமாக அவள் மேசையிலேயே கிடக்கிறது. விளக்குகள் எரிகின்றன. பொன்னுச்சாமிதான் முதலில் எழுந்து நின்று கைதட்டுகிறார்.