குமிழ்க் கதவு

"உன்ர அக்கா வகுப்பால வர முதல் இந்தச் சாமான் என்ர கராஜை விட்டு வெளியில போகவேணும். விளங்கிச்சோ?"

இராஜரட்ணம் போட்ட சத்தத்தில் மகேஸ்வரன் துளை போடுவதை நிறுத்தினான்.

"கத்தாதேங்கோ அத்தான். கை ஆடினால் கதவு வெடிச்சிடும்."

1987 ஒக்டோபரில் கனடாவின் ஸ்காபரோவில் மற்றவர்களுடைய கராஜில் எல்லாம் கார் நின்றது. இராஜரட்ணத்தின் கராஜில் இறக்கையை மடித்துக்கொண்டு ஒரு குட்டி விமானம் நின்றது. மனைவியின் தம்பி தன் கையாலேயே கட்டியது. மார்க்கம் நகருக்கு அப்பால் ஒரு புல்தரையில் கோடை முழுவதும் பறந்தும் விட்டது. இப்போது அதன் தட்டைக் கதவுகளைக் கழற்றிவிட்டு, வெளிப்பக்கம் குமிழ்போலப் புடைத்த, கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் கதவுகளைப் பொருத்திக்கொண்டிருந்தான். ஒன்று ஏறிவிட்டது, மற்றது பாதியில் கிடந்தது.

"இருந்த கதவுக்கு என்னடா குறை?"

"பிளேன் ஓடுற ஆளுக்கு முழங்கை இடிக்குது. கீழயும் வடிவாத் தெரியேல்லையாம்."

"அப்ப ஓடுறது நீயில்லையோ?"

"நான் கட்டுறதோட சரி. மேல போனால் எனக்குத் தலை சுத்தும்."

இராஜரட்ணத்துக்குக் கோபம் இன்னும் ஏறியது. "ஆரோ ஒரு விசரன் பறக்க, தமிழ்ச் சங்கத் தலைவர் நான் என்ர காரை வெளியில விடவேணுமோ? சனம் சிரிக்குது! உன்ர விசர் வீட்டுக்குள்ளயும் தொத்திட்டுது. போன வருசம் உன்ர அக்கா கார் பழகப்போறன் எண்டு நிண்டவள். பொம்பிளையளுக்கு ஸ்ரியரிங் சரிவராது, பஸ்ஸில போ எண்டு வாயை அடைச்சுப்போட்டன். இப்ப வந்தாளெண்டால் உனக்குத்தான் பரிஞ்சு பேசுவாள். அதுக்கு முதல் எடு!"

"எடுக்கமாட்டன்."

"என்ன?"

"கராஜ் உங்கட, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அந்த ஆள் நயாகராவை மேலயிருந்து பார்க்கவேணுமெண்டு எவ்வளவு காலமா நிக்குது. நாளைக்கு விட்டால் பிறகு பனி, அடுத்த வருசம்தான். இந்தக் கதவு பூட்டாமல் இது ஒரு இஞ்சும் அசையாது. வேணுமெண்டால் பொலிசைக் கூப்பிடுங்கோ."

கறிக்கு உப்புக் குறைந்தாலும் வாய் திறந்து கேட்காத மச்சான் இப்படி முறுக்கிக்கொண்டு நிற்பதை இராஜரட்ணம் இதுவரை கண்டதில்லை.

"ஆரடா அந்தப் பெரிய ஆள்?"

மகேஸ்வரன் குனிந்து ஒரு திருகாணியை மெல்ல முடுக்கினான். "உங்கட ஆள்தான் அத்தான்."

"எங்கட ஆளோ? சங்கத்திலயோ?"

"ஓம். போன தேர்தலில உங்களுக்குத்தான் வோட்டுப் போட்டது."

இராஜரட்ணத்தின் முகம் மலர்ந்துவிட்டது. எங்கட ஆள், அவங்கட ஆள் என்று சங்கமே இரண்டாகப் பிரிந்து நின்ற தேர்தல் அது. தனக்கு விழுந்த ஒவ்வொரு வோட்டும் அவருக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி.

"உதை முதலே சொல்லியிருக்கலாமேயடா! அவங்கட பக்கத்தில ஒருத்தனுக்குச் சைக்கிளும் ஒழுங்கா ஓடத் தெரியாது. எங்கட ஆள் பிளேன் ஓடுறான்!" அவர் தாமே போய் மற்றக் கதவைத் தாங்கிப் பிடித்தார். "வடிவாப் பூட்டு. பொங்கல் விழாவில மாலை போட்டு மேடையில ஏத்துறன். ஆர் மறிச்சாலும் நிக்கவேண்டாம் எண்டு சொல்லு. வீட்டில மறிச்சாலும் கேக்கவேண்டாம் எண்டு சொல்லு!"

"நீங்களே சொல்லுங்கோ அத்தான். இப்ப வாற நேரம்தான்."

கடைசித் திருகாணி ஏறும்போது மனைவி யோகராணி வகுப்பிலிருந்து வந்து கராஜுக்குள் நுழைந்தாள். இராஜரட்ணம் கையை நீட்டி மறித்தார்.

"உதில நில்லும். எங்கட ஆள் ஒருத்தர் வாறார், முக்கியமான ஆள்."

அவள் நிற்கவில்லை. கோட்டைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, விமானத்தில் ஓட்டுபவருக்கான இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்து, புதுக் கதவை இழுத்துச் சாத்தினாள். முழங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து கணவனிடம் சொன்னாள்:

"நாளைக்குச் சமையலை நீங்கள் பாருங்கோ. நான் நயாகராவைப் பார்த்துப்போட்டு வந்து இறங்கப் பின்னேரமாகும்."