உயிருள்ள கடைகள்

தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஊசியில் நூல் இல்லை.

அதிகாரிக்கு முதலில் தன் கண் மேல்தான் சந்தேகம் வந்தது. குனிந்து பார்த்தாள். பழைய துணி ஒன்று ஊசிக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒரு தையல்கூட விழவில்லை. வெளியே காலை வெயில், ஆனால் கடைக்குள் இருட்டு. விளக்குப் போடவில்லை.

"ஏம்மா, நூலைக் கோக்காம என்ன தைக்கறீங்க?"

தையல்காரி உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்றாள். கால் மட்டும் நிற்கவில்லை.

அதிகாரி வெளியே வந்துவிட்டாள்.

மண்டல வளர்ச்சி நிதி ஆபீசில் அவளுக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். அவள் போய்ப் பார்த்த தெரு தேறுவது அபூர்வம். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இல்லாத கடைக்கு போர்டு மாட்டி நிதி கேட்டவர்களை அவள் நிறையப் பார்த்தாயிற்று. ஒரு தெருவில் 'உயிருள்ள கடை' நாலு இருந்தால் கூரை, மெஷின், கரண்டு எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. உயிருள்ள கடை என்றால், ஆபீஸ் பாஷையில், வியாபாரம் நடக்கிற கடை. இந்தத் தெருவுக்காக மனுப் போட்டவர் வியாபாரிகள் சங்கத் தலைவர். தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர்.

அடுத்தது சலூன். அங்கேயும் இருட்டு. சலூன்காரர் சரக் சரக்கென்று கத்தரியை ஆட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியில் ஆளே இல்லை.

"தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்குங்க" என்றார் காலி நாற்காலியிடம், தெருவுக்கே கேட்கும்படி.

தரையில் ஒரு முடி கிடையாது. கண்ணாடியில் தூசி அப்பிக் கிடந்தது. அதில் அவள் முகமே அவளுக்குத் தெரியவில்லை.

"யாருகிட்டங்க பேசறீங்க?"

இடது கை மட்டும் 'போங்க, போங்க' என்று அசைந்தது.

பயந்துபோய் வெளியே வந்தாள். தெருவைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை சத்தம் கேட்கிறதே, வாங்க வந்தவர் என்று ஒரு ஆள் உண்டா? ஒரு நாய்கூட இல்லை. ஏமாற்ற நினைக்கிறவர்கள் ஊசியில் நூலாவது கோத்து வைத்திருப்பார்கள். இது என்ன கூத்து?

மூன்றாவதாகத் தச்சுப் பட்டறை. தச்சர் ஒரு கட்டையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். ஆணி இல்லை. மேஜை, நாற்காலி என்று செய்து வைத்த பொருள் ஒன்றும் இல்லை. சும்மா தட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அவளுக்குப் பயத்தை மீறிக் கோபம் வந்தது.

"என்னங்க நடக்குது இந்தத் தெருவுல? போலீசைக் கூப்பிடட்டுமா?"

"மெதுவாப் பேசுங்க மேடம்" என்றார் தச்சர், தட்டுவதை நிறுத்தாமலே. "அண்ணன் காதுல விழுந்துடும்."

"எந்த அண்ணன்?"

"சைக்கிள் கடை அண்ணன். கண்ணு ரெண்டும் போச்சு அவருக்கு. அப்போ தெரு ஜேஜேன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் வியாபாரம் படுத்து, நாங்க ஒவ்வொருத்தரா கடையை மூடினோம். இப்ப எல்லாரும் குடோன்ல மூட்டை தூக்கறோம்."

"அப்புறம் இது எதுக்கு?"

"எங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து இந்தத் தெருவுல கடை வைக்க வச்சதே அவருதான் மேடம். தெருவே செத்துப்போச்சுன்னு அவருகிட்டச் சொல்ல யாருக்கு வாய் வரும்? தாங்க மாட்டாரு. அதான் தினமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வந்து, கொஞ்ச நேரம் சத்தம் குடுத்துட்டுப் போறோம்."

"அப்ப அந்த மனு?"

"அவரா போட்டதுதான். எல்லாக் கடையும் நடக்குதுன்னு நம்பிட்டிருக்காரு, பாவம். நிதி இல்லைன்னே எழுதிக்குங்க, எங்களுக்கு வருத்தமில்ல. ஏன் இல்லைன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிடாதீங்க."

தெருக்கோடிவரை நடந்தாள். மெஷினும் கத்தரியும் சுத்தியலும் பின்னாலேயே வந்தன.

சைக்கிள் கடைக்காரர் டியூபைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துப் பஞ்சர் தேடிக்கொண்டிருந்தார். அவள் நிழல் மேலே விழுந்தும் அவர் கண் அசையவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆபீஸ்லேர்ந்து வந்த மேடம்தானே? உக்காருங்க" என்றார். "தெருவைப் பாத்தீங்களா? கடை எல்லாம் எப்படி நடக்குது?"

அதைத்தான் அவர் கேட்கக் கூடாதென்று அவள் வேண்டிக்கொண்டே வந்தாள். உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் இங்கேயே உடைந்துபோவார். பொய்யை எழுதினால் அவள் வேலைக்கே உலை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு பொய் எழுதியதில்லை அவள்.

"நாலு கடையும் உயிரோட இருக்குய்யா" என்றாள். "நல்லா நடக்குது. அப்படியே எழுதிடறேன்."

அவர் டியூபைக் கீழே வைத்தார். தடவிப் பார்த்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்களுமா மேடம்? அது வெறும் சத்தம்னு எனக்கு முதல் நாளே தெரியும். இருக்கறதை இருக்கறபடி எழுதிட்டு, செத்த கடைக்கு உயிர் குடுக்க வேற வழி ஏதாவது இருந்தாச் சொல்லுங்க, அதுக்குத்தான் உங்களை வரவழைச்சேன். ஆனா ஒண்ணு, எனக்குத் தெரியும்னு அவங்ககிட்டச் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாங்க."